துயிலெழுப்பலும் தாலாட்டும்

யாழ்ப்பாணத்திலிருந்து நயினாதீவுக்குச் செல்வோர் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் துறையிற் படகேறுவர். நாகபூஷணி அம்மனுக்கு நேர்த்தி வைத்த குடும்பமும், வெள்ளையுடுத்துத் தாமரை ஏந்திவந்த தென்னிலங்கைக் குடும்பமும் அப்படகின் ஒரே பலகையில் நெருங்கி அமர்ந்திருப்பதைக் காணலாம். அலை சற்றுப் பெரிதாயின் இருவரும் ஒரே கயிற்றைப் பற்றுவர். தீவை அண்மியதும் நிலைமை மாறுகிறது. கோயிலுக்கு ஒரு துறை, விகாரைக்கு ஒரு துறை. ஒருவர்க்கு அது நயினாதீவு, மற்றவர்க்கு நாகதீபம். ஒருசாரார் மகாவம்சத்தைக் காட்டி இது எமது புனித பூமி என்பர். மறுசாரார் மணிமேகலையைக் காட்டி இது எமது மணிபல்லவம் என்பர். முதலியார் செ. இராசநாயகம் 1926 ஆம் ஆண்டு வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய நூலில் மணிபல்லவத்தை இப்பகுதியோடு பொருத்திக் காட்டிய காலந்தொட்டு நம்மவர் இதுபற்றி எழுதிய பக்கங்கள் பல. மணிபல்லவம் எது என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த முடிவில்லை.

இப்பிணக்கில் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்தகைய தீர்ப்புகள் போதிய அளவு கூறப்பட்டுவிட்டன. இரு சாராரும் தத்தம் நூலை உறுதிப்பத்திரம்போல் நீட்டுகின்றனரேயன்றி, அந்நூல்கள் கேட்கும் வினாவைக் கேட்க மறுக்கின்றனர் என்பதே எனது குற்றச்சாட்டு. அவ்வினா இது: உறங்குகின்ற ஒருவரை மெய்யுணர்வை நோக்கி மற்றொருவர் இட்டுச்செல்லுதல் இயலுமா? இயலுமெனின், எங்ஙனம்? புத்தன் என்னும் சொல்லே விழித்தவன் என்று பொருள்படும். விழித்தவன் ஏனையோரை எழுப்ப முயன்ற கதையொன்று நயினாதீவோடு பிணைந்து கிடக்கிறது. விழிக்கத் தொடங்கிய ஒருவனைத் தட்டித் தூங்கவைத்த கதையொன்று, படகேறும் புங்குடுதீவோடு ஆய்வாளர் சிலராற் பிணைக்கப்பட்டிருக்கிறது. முன்னதைப் பெருமையோடு பேசுகிறோம். பின்னதைப்பற்றி இருசாராரும் வாய்திறப்பதில்லை.

முதலில் நயினாதீவுக் கதை. மகாவம்சத்தின் முதல் அத்தியாயம் புத்தர் இலங்கைக்கு மும்முறை வந்ததாகக் கூறும். மெய்யுணர்வு பெற்ற ஐந்தாம் ஆண்டில், மணிகள் இழைத்த அரியணையொன்றின் பொருட்டு மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர், மாமனும் மருகனும், படைதிரட்டி நின்ற வேளையில், அவர் நாகதீபத்துக்கு வந்தார். போர்க்களத்தின்மேல் வானில் நின்று இருளைப் படைத்தார். அஞ்சினோரைத் தேற்றி ஒளியைப் பரப்பினார். இணக்கம் பிறப்பிக்கும் அறத்தை உரைத்தார். நாகர் அரியணையை அவருக்கே அளித்தனர். எண்பது கோடி நாகர் மும்மணியைச் சரணடைந்து சீலங்களை மேற்கொண்டனர். அவரோ அரியணையை எடுத்துச் செல்லவில்லை. நாகரின் வழிபாட்டுக்கென அங்கேயே விட்டுச் சென்றார்.

மணிமேகலையில் இதே கதை சற்று வேறுபட்டு வருகிறது. நாகநாட்டு மன்னர் இருவரும் அப்பீடிகையைத் தமதென்று தூக்க முயல்கின்றனர். அது அசைந்து கொடுக்கவில்லை. அசையாத ஒன்றை விட்டுக்கொடுக்கவும் மனமின்றிக் கண் சிவந்து பொருகின்றனர். பெருந்தவ முனிவன் தோன்றிப் போரை ஒழிக்குமாறு கூறி, இருக்கை தனக்குரியது என்று அதன்மீது அமர்ந்து அறம் உரைக்கிறான். ‘இது எமது’ என்று சொல்லும் தகுதி, எதனையும் தனதாகக் கொள்ளாதவனுக்கே உண்டு என்று சாத்தனார் எண்ணினார் போலும். இன்று இரு துறைகளிலும் நின்று ‘எமது’ என்போர் எந்தப் பாத்திரத்தின் வசனத்தை ஒப்புவிக்கின்றனர்? புத்தரின் வசனத்தை அன்று. பீடிகையைத் தூக்க முயன்று தோற்ற நாகரின் வசனத்தையே.

இன்னொன்று. மகாவம்சத்தின்படி, முதல் வருகையின்போது மகியங்கனையில் இயக்கர் புயலாலும் இருளாலும் அச்சுறுத்தப்பட்டுக் கிரிதீபத்துக்கு அகற்றப்பட்டனர். அறவுரை அதன்பின் கூடிய தேவர்க்கே நிகழ்த்தப்பட்டது. நாகர்க்கோ அகற்றல் இல்லை, அறவுரை உண்டு. ஒரே அத்தியாயத்தில் இருவகை ஆசிரியர் தோன்றுகின்றனர். மகியங்கனைக் கதை அறிவுறுத்தற் கதை அன்று. நிலத்தை வெறுமையாக்கும் கதை. நாகதீபக் கதையே, இருந்தோரை இருந்த இடத்தில் வைத்துக்கொண்டு அவர்தம் நெஞ்சை மாற்ற முயலும் கதை. நாகதீபத்தைப் போற்றுவதாகக் கூறிக்கொண்டு மகியங்கனை முறையில் வடக்கையும் கிழக்கையும் நோக்குவோர், தாம் எந்தக் கதையை வழிபடுகின்றனர் என்பதைத் தெளிவுபடுத்தல் வேண்டும்.

சாத்தனாரிடத்து மீள்வோம். பிறரை எழுப்புவது எத்துணை அரிது என்பதை அவரளவு நுணுகி எண்ணிய தமிழ்ப் புலவர் வேறொருவர் உளரோ என ஐயுறுகிறேன். மணிமேகலா தெய்வம் மணிமேகலையைத் துயிலும்போதே தூக்கிச்சென்று மணிபல்லவத்தில் விடுகிறது. அவள் சம்மதம் கேட்கப்படவில்லை. இக்காலத்து மாணவர் இதனைக் கடத்தல் என்பர். தவறென்று நான் சொல்லேன். ஆயினும் அத்தெய்வம் அதற்கு மேல் யாது செய்தது என்பதைப் பார்த்தல் வேண்டும். ஏழாம் நாள் வரை அவளைத் தனியே விட்டுவிடுகிறது. கண்விழித்தவள் யாருமற்ற மணற்கரையில் அரற்றித் திரிகிறாள். போதனை செய்ய எவரும் இல்லை. பீடிகை ஒன்றே இருக்கிறது. அதுவும் உபதேசம் செய்யவில்லை, அவளது பழம்பிறப்பை அவளுக்குக் காட்டுகிறது. தூக்கிச்சென்ற தெய்வத்தாலும் அவளுக்காகக் காண இயலவில்லை.

அடுத்து அவளுக்குக் கிடைப்பது சமய நூலன்று, சோற்றுப் பாத்திரம். அமுதசுரபியின் வரலாறும் இத்தீவிலேயே முடிந்து தொடங்குகிறது. சாவக நாட்டுக்குச் சென்ற ஆபுத்திரன் மணிபல்லவத்தில் இறங்கி நிற்க, கப்பல் அவனை விட்டுப் போய்விட்டது. பல்லுயிர்க்கு ஊட்டும் பாத்திரத்தைத் தன்னொருவன் வயிற்றுக்கு வைத்திருக்க நாணி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர்விட்டான். வைகாசி விசாகத்தில் அப்பாத்திரம் மேலெழுந்து மணிமேகலையின் கையை அடைகிறது. அவள் காயசண்டிகையின் யானைத்தீயை அவித்தாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள், அதன் பின்னரே தத்துவம் கேட்கப் புறப்பட்டாள். பாலி உரைநூலும் இதே வரிசையைக் காட்டும். ஆளவி நகரில், தொலைந்த எருதைத் தேடியலைந்து பசியோடு வந்த ஏழை உழவன் ஒருவனுக்கு உணவளிக்கச் செய்து, அவன் உண்ணும்வரை காத்திருந்தே புத்தர் அறம் உரைத்தார் என்பது தம்மபத உரைக்கதை. பசித்தவனிடம் நிலையாமை பேசுவது கொடுமை என்பதைப் பௌத்தர் அறிந்திருந்தனர். போர் ஓய்ந்த பின்னர் வடக்கே சிலை நிறுவ விரைந்தோரில் எத்தனை பேர் பாத்திரத்தோடு வந்தனர்?

இறுதி நான்கு காதைகளைப்பற்றி நம் துறையினருக்குச் சொல்லவேண்டியது சில உண்டு. மணிமேகலையைக் கற்பிக்கும் நாம் உதயகுமரன் வெட்டுண்ட இடத்தோடு ஆர்வம் இழந்துவிடுகிறோம். 27 ஆம் காதையைச் ‘சமயக் கணக்கர் பட்டியல்’ என்றும், 29 ஆம் காதையை அளவை நூலின் வறண்ட பெயர்ப்பு என்றும் சொல்லி, காப்பியச் சுவை குன்றிய பகுதியென மாணவரை அப்பாற் செலுத்துகிறோம். பரீட்சையிலும் அவை வருவதில்லை. ஆயின் அப்பகுதியில் நிகழ்வது யாது? கந்திற்பாவை அவளிடம், இளம்பெண் என்று கருதிச் சமயவாதிகள் தம் பொருளை உனக்கு உரையார் என எச்சரிக்கிறது. ஆதலின் அவள் மாதவன் வடிவு கொண்டு வஞ்சிக்குச் சென்று, அளவைவாதி முதற் பூதவாதி ஈறாகப் பதின்மரையும் ஒருவர்பின் ஒருவராகக் கேட்கிறாள். கண்ணாற் கண்டதன்றி வேறு அளவை இல்லையென்ற பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை நீ எவ்வாறு அறிந்தாய் என்று நகைத்து வினவுகிறாள். அதன்பின் காஞ்சியில் அறவணவடிகள் அவளுக்கு முதலிற் கற்பிப்பது பௌத்தக் கோட்பாட்டை அன்று. சரியான அனுமானம் எது, போலி எது என்று பகுத்தறியும் முறையை. ஆசிரியர் தம் கூற்றையே சோதிப்பதற்கான கருவியை மாணவியின் கையில் முதலிற் கொடுத்துவிடுகிறார். சாத்தனார் பௌத்தர் ஆதலின் ஏனையோரின் வாதங்களைச் சற்று மெலிவித்தே தருகிறார் என்பது உண்மை, பந்தயம் நடுநிலையானதன்று. இருந்தபோதும், பிறர் கூறுவதை முழுதும் கேட்காத ஒருத்தியைத் தம் நெறிக்கு ஏற்றுக்கொள்ள அறவணர் அவசரப்படவில்லை. ஈராயிரம் மாணவர் அமர்ந்திருக்கும் பல்கலைக்கழகத்தில் இதனை வறண்ட பகுதி என்று தள்ளுவோமாயின், வறட்சி எங்குள்ளது என்பதை ஆராய்தல் தகும்.

அறத்தைக் கேட்பதில் இன்னோரிடர் உண்டு. புத்த ஞாயிறு தோன்றுங்காலத்து, பெருங்குளத்தின் சிறு மதகு வழியே வெள்ளம் புகுவதுபோலச் சிறு செவியின் வழி அளவற்ற அறம் புகும் என அறவணர் ஓரிடத்து ஓர் உவமை கூறுகிறார். மதகு என்பது இங்கே மொழியும் ஆகும். தத்தம் மொழியிலேயே அறத்தைக் கற்கலாமெனப் புத்தர் இசைந்ததாக விநயபிடகம் கூறும். அஃது புத்தரின் மொழியையே சுட்டும் எனப் புத்தகோசர் உரைகண்டார். இன்றைய ஆய்வாளருட் பெரும்பாலோர் கேட்போரின் மொழி என்றே கொள்வர். மகிந்த தேரர் மிகிந்தலையில் தேவநம்பிய தீசனைக் கண்டபோது, அங்கு நின்ற மாமரத்தைக் காட்டிச் சில வினாக்களைத் தொடுத்து, அவன் பகுத்துணரும் ஆற்றலுடையவன் என்று தெளிந்த பின்னரே போதிக்கலானார் என்றும், பின்னர் இத்தீவின் மொழியிலேயே அறமுரைத்தார் என்றும் மகாவம்சமே கூறுகிறது. கேட்போனை அறிதல், அவன் மொழியிற் பேசுதல் ஆகிய இரண்டும் அந்நெறியின் தொடக்கத்திலேயே உள்ளன.

நயினாதீவிலுள்ள தமிழ்க் கல்வெட்டு இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பொறிப்பித்த இக்கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 ஆம் ஆண்டு பதிப்பித்தார். ஊர்காவற்றுறையில் வந்திறங்கும் பரதேசி வணிகரைக் காப்பதும், உடைந்த கப்பல்களின் சரக்கில் அரசுக்குரிய பங்கை வரையறுப்பதும் அதன் பொருள். யானையும் குதிரையும் கொணரும் கப்பல் கெடின் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பலாயின் பாதிக்குப் பாதி. பௌத்தத்தைப் புரந்த சிங்கள மன்னன், துறைமுகச் சட்டத்தைத் தமிழிற் பொறித்தான். கேட்போர் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே காரணம். குதிரைக்குரிய பங்கைச் சொல்வதற்குத் தமிழ் வேண்டுமெனின், துக்கத்தையும் அதன் காரணத்தையும் சொல்வதற்குத் தமிழ் வேண்டாமா? உறையூர்ப் புத்ததத்தரும், வீரசோழியம் செய்த புத்தமித்திரரும் வாழ்ந்த மொழி இது. 1898 ஆம் ஆண்டு ஒன்றிலேயே உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சிற் கொணர்ந்தார், அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். அதே ஆண்டில் அயோத்திதாசர் கொழும்புக்கும் வந்து சென்றார். இலங்கைத் தமிழரிடையே அவ்வித்து ஏன் முளைக்கவில்லை?

இதற்கு விடை தேடின் நமது முகமும் கண்ணாடியில் தெரியும். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் கோயிற் கதவுகளை அடைத்தோர் நாம். 1968 இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்தது வரலாறு. அக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் சிலர் பௌத்தத்தை நாடினர். அம்பேத்கர் 1956 இல் நாகபுரியில் காட்டிய வழி அவர்க்கும் தெரிந்தேயிருந்தது. அவர்தம் பிள்ளைகளுக்கெனச் சிங்கள மொழிவழிப் பாடசாலைகள் திறக்கப்பட்டன. சாதியினின்று விடுபட வந்தவனுக்கு மொழியை விலையாகக் கேட்ட அம்முயற்சி நிலைபெறாமற் போனதில் வியப்பில்லை. ஒரு சாரார் வாயிலை அடைத்தனர், மறுசாரார் வாயிலிற் சுங்கம் வைத்தனர். இடையில் நின்றவனுக்கு அறவணரும் கிட்டவில்லை, அமுதசுரபியும் கிட்டவில்லை.

இனி, படகு புறப்பட்ட கரைக்குத் திரும்புவோம். வல்லிபுரத்திற் கிடைத்து 1936 இல் வெளிச்சத்துக்கு வந்த பொற்சாசனம், வசப மன்னன் காலத்தில் நாகதீபத்தில் விகாரையொன்று அமைக்கப்பட்டதைக் கூறுகிறது. அதில் வரும் பியகுக என்னும் பெயரையும், மகாவம்சத்துப் பியங்குதீபத்தையும் புங்குடுதீவோடு இணைத்துப் பார்த்தோர் உளர். சாசனத்தின் வாசகமும் பொருளும் இன்றும் விவாதிக்கப்படுவன. இணைப்பு ஊகமே, ஆயினும் பொருளுடைய ஊகம். ஏனெனில் பியங்குதீபத்தை மகாவம்சம் நினைவுகூரும் இடம், அந்நூலிலேயே மிகவும் அச்சந்தரும் இடமாகும்.

25 ஆம் அத்தியாயத்தில் துட்டகைமுனு எல்லாளனை வென்று அநுராதபுரத்தில் முடிசூடியிருக்கிறான். அரண்மனை மேல்மாடத்தில், ஆடல் மகளிர் சூழ, எல்லா இன்பங்களின் நடுவிலும் அவனுக்கு மகிழ்ச்சி இல்லை. தன் பொருட்டு மாண்ட எண்ணற்றோரை நினைக்கிறான். நள்ளிரவில் பியங்குதீபத்து அரகந்தர் அவன் உள்ளத்தை அறிந்து, அவனைத் தேற்ற எண்மரை அனுப்புகின்றனர். அவர்கள் கூறிய ஆறுதலின் சாரம் இது: உன்னால் மாண்ட மனிதர் ஒன்றரைப் பேரே, ஒருவன் மும்மணியைச் சரணடைந்தவன், மற்றவன் ஐந்து சீலங்களையும் மேற்கொண்டவன். ஏனையோர் பொய்க்காட்சியினர், விலங்கோடு ஒப்பர். இதனால் உன் சுவர்க்கத்துக்குத் தடையில்லை.

அரசன் தேறினான். தேறியவன் பின்னர் பெருந்தூபி கட்டினான். அத்தூபியைக் கண்டு வியக்காதார் இல்லை. எனினும் அந்த நள்ளிரவில் நிகழ்ந்ததன் பெயர் யாது? தன் செயலைத் தான் காணத் தொடங்கிய மனிதனொருவன் கண்விழித்துக்கொண்டிருந்தான். பௌத்தம் எழுப்ப விழைவது இத்தகையவனைத்தான். எண்மர் வந்தனர், தாலாட்டினர், அவன் உறங்கினான்.

இதற்கு அறிந்தோர் கூறும் மறுப்பு ஒன்றுண்டு. மனஉளைவு ஐந்து நீவரணங்களுள் அடங்கும். அதனை நீக்குவது ஆசிரியர் கடமையே. எண்மர் வைத்தியம் செய்தனர் என்பர். மறுப்பு வலிமையுடையது. எனவே அந்நெறியின் மூல நூல்கள் மனஉளைவை எவ்வாறு நீக்கின என்று பார்ப்போம். தந்தையைக் கொன்ற அசாதசத்து தன் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, புத்தர் அதனைக் குற்றம் என்றே ஏற்றுக்கொண்டார். அவன் சென்றபின், அக்கொலை மட்டும் நிகழாதிருப்பின் இந்த இருக்கையிலேயே அவனுக்கு அறக்கண் திறந்திருக்கும் என்று பிக்குகளிடம் கூறினார். அங்குலிமாலன் பிச்சைக்குச் சென்றபோது கல்லெறிபட்டு, தலை உடைந்து குருதி ஒழுக, உடைந்த பாத்திரத்தோடு மீண்டான். கொலையுண்டோர் மனிதரல்லர் என்று புத்தர் அவனிடம் சொல்லவில்லை. பொறுத்துக்கொள், வினையின் பயனை இப்பிறப்பிலேயே அனுபவிக்கிறாய் என்றார்.

இன்னும் பொருத்தமானது சங்யுத்த நிகாயத்திலுள்ள போர்வீரர் தலைவனின் கதை. களத்தில் முனைந்து பொருது மாளும் வீரன் சுவர்க்கம் புகுவான் என்று முன்னோராகிய போராசிரியர் கூறுவர், தாங்கள் யாது கூறுவீர் என்று அவன் வினவுகிறான். அதனைக் கேளாதே என்று புத்தர் தடுக்கிறார். மீண்டும் கேட்கத் தடுக்கிறார். மூன்றாம் முறையும் அவன் வற்புறுத்த, பிறர் கொல்லப்படுக என்னும் நெஞ்சோடு மாள்பவன் நரகத்தையோ விலங்குப் பிறப்பையோ அடைவான் என்கிறார். அவன் அழுகிறான். இதனாலன்றோ தடுத்தேன் என்றதற்கு அவன் தரும் விடை சிந்திக்கத்தக்கது: தாங்கள் கூறியதற்காக நான் அழவில்லை, இத்தனை காலம் அந்த ஆசிரியர்களால் ஏமாற்றப்பட்டேனே என்று அழுகிறேன். பியங்குதீபத்து எண்மரும் அந்தப் பழைய போராசிரியர் வரிசையைச் சேர்ந்தோரே என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

விநயபிடகத்தில் நாகனொருவன் மனித வடிவு கொண்டு துறவு பூண்ட கதை வருகிறது. உறக்கத்தில் அவன் உண்மை வடிவு வெளிப்பட்டுவிட்டது. நாகப் பிறப்பில் இந்நெறியில் வளர்ச்சி பெற இயலாது. உபோசத நாள்களை நோற்பாயாக, விரைவில் மனிதப் பிறப்பை அடைவாய் என்று புத்தர் அவனை அனுப்பினார். உபசம்பதையின்போது ‘நீ மனிதனா’ என்று இன்றும் வினவுவது இதனால்தான். நாகனை மனிதனாகும் வழியில் திருப்பிவிட்டவர் அவர். மனிதராகப் பிறந்தோரை ஒரு நொடியில் விலங்காக்கியோர் இவ்வெண்மர். அசோகனை இங்கு நினைக்காதிருத்தல் இயலாது. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துச் செல்லப்பட்டனர் என்று தன் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் அவன் பொறித்தான். கலிங்கத்துத் தவுலியில் அதனைப் பொறிக்காது விட்டான் என்பதும் நோக்கற்பாலது. வருந்திய மன்னனுக்கும் அரசியல் உண்டு. ஆயினும் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்ல அவனுக்கு அரகந்தர் எவரும் வரவில்லை.

ஒன்றரை என்னும் கணக்கு நம் காலத்திலும் முடிந்துவிடவில்லை. 2009 ஆம் ஆண்டு முள்ளிவாய்க்கால் வரை நீண்ட போரில், பொதுமக்கள் இழப்புப் பூச்சியம் என்பதே தனது கொள்கையென அரசு கூறிவந்தது. வெற்றி கொண்டாடப்பட்ட அந்நாள்களில் தெற்கில் எவரேனும் ஓரிரவேனும் உறங்காதிருந்திருப்பின், அவருக்கு ஆறுதல் கூறக் காவியுடுத்தோரும் பத்தி எழுதுவோரும் பலர் காத்திருந்தனர்.

இவ்வளவில் நிறுத்தினால் இம்மலரின் வாசகர் தலையசைத்துப் பாராட்டுவர்; எனக்கும் இலகுவாக இருக்கும். அந்தப் பாராட்டும் ஒரு தாலாட்டே. 1958 ஆம் ஆண்டுக் கலவரத்தில் நயினாதீவு விகாரை சேதப்படுத்தப்பட்டது. 1986 இல் அம்மன் ஆலயம் தாக்குண்டு தேர் தீக்கிரையாயிற்று. இரண்டாவதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்; முதலாவதை எத்தனை வீடுகளிற் சொன்னோம்? 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் தம் வீடுகளினின்றும் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு வழங்கப்பட்டது சில மணிநேர அவகாசமே. அன்றிரவு நம்முட் சிலரேனும் உறங்காதிருந்திருத்தல் கூடும். காலச்சூழல் அப்படி, போராட்டத்தின் தேவை அப்படி, அவர்களுள் காட்டிக்கொடுத்தோர் இருந்தனர் என்றெல்லாம் அவர்களைத் தேற்றியோர் யாவர்? பியங்குதீபத்திலிருந்து எவரும் வரவில்லை. கற்றோர் நம் வீதியிலேயே இருந்தனர். விரிவுரை மண்டபங்களிலும் இருந்தனர். அக்காலத்து அச்சத்தை நான் அறியாதவனல்லன். வாய்திறந்தோர் உயிரிழந்த காலம் அது. அஞ்சி வாளாவிருந்தோரை நான் குற்றஞ்சாட்டவில்லை. அஞ்சியதோடு நில்லாது அதற்கொரு தத்துவமும் நெய்து கொடுத்தோரையே சொல்கிறேன்.

ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இது நாள்தோறும் நேரும் சோதனை. மாணவன் கலக்கத்தோடு வருகிறான். தன் இனம், தன் சாதி, தன் கட்சி செய்தவொன்று அவனை உறுத்துகிறது. அவனுக்கு ஆறுதல் அளிப்பது எளிது, நன்றியும் கிடைக்கும். அக்கலக்கத்தோடு சிறிது நேரம் அவனை இருக்கவிட்டு, அவன் பார்த்ததை இன்னும் நன்றாகப் பார்க்கச் செய்வது கடினம். அவன் நம்மை வெறுக்கவும் கூடும். கோசம்பியில் பிக்குகள், கழிப்பிடத்துப் பாத்திரத்தில் நீர் மீந்திருந்ததுபற்றிப் பிணங்கி இரண்டுபட்டபோது புத்தர் அறிவுரை கூறினார், அவர்கள் கேட்கவில்லை. அவர் தனியே பாரிலேயக வனத்துக்குச் சென்றுவிட்டார். நாகரை இணக்கியவருக்குத் தம் சீடரை இணக்க இயலவில்லை. எழுப்புவோன் திறமையால் மட்டும் எவரும் எழுந்துவிடுவதில்லை என்பதை அந்நெறியின் நூல்கள் மறைக்கவில்லை. கோசம்பியில் அவர் தோற்றார்; ஆயினும் உங்கள் பிணக்குச் சரியே என்று சொல்லி அவர்களை மகிழ்விக்கவில்லை.

நாம் சைவர், அல்லது எச்சமயமும் சாராதோர். பௌத்தரின் மெய்யுணர்வு நமக்கெதற்கு என்று கேட்போரும் இருப்பர். நிருவாணம்பற்றி நான் எதுவும் வலியுறுத்தவில்லை. ஆனால் அந்நெறியை வாழ்வாகக் கொண்ட பெருந்தொகையான மக்களோடு ஒரே தீவில் வாழ்கிறோம். அவர்தம் நூல்களில் நமக்கெதிரான வரிகளை மட்டும் பொறுக்குவதும், அவர்கள் நம் நூல்களில் தமக்குரிய இடப்பெயர்களை மட்டும் பொறுக்குவதும் நூறாண்டாக நடைபெற்று வருகின்றன. மணிமேகலை பதின்மரைக் கேட்டாள். நாம் ஒருவரையேனும் முழுமையாகக் கேட்டோமில்லை.

ஆதலின் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் மாலைப்பொழுதைச் சிங்களத்துறை மாணவருடன் சேர்ந்து வாசிப்பதற்கு ஒதுக்கலாம். மணிமேகலையின் 27 ஆம் காதையை நாம் சிங்களத்தில் அவர்களுக்கு விளக்குவோம். மகாவம்சத்தின் 25 ஆம் அத்தியாயத்தை அவர்கள் தமிழில் நமக்கு விளக்கட்டும். இரண்டையும் சேர்த்து அச்சிட்டாலும் சிறு பிரசுரத்துக்கு மேல் வராது. துட்டகைமுனு மேல்மாடத்தில் உறக்கமின்றி இருக்கும் இடம் வந்ததும் வாசிப்பை நிறுத்திவிடலாம். எண்மரும் வந்துசேர்வதற்கு முன்னர், அவனிடம் யாது சொல்லவேண்டும் என்பதை இரு மொழியிலும் ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம்.